கரிசல் காயும்வரை காத்திருக்கலாமா? - குன்னம் பக்கம் ஒரு மக்காச்சோள அறுவடை

தை மாதத்தில் திருச்சியிலிருந்து சென்னைக்குப் போகிறவர்கள் பெரம்பலூரைத் தாண்டியதும் ஒரு காட்சியைப் பார்க்கலாம். வாலிகண்டபுரம், ரஞ்சன்குடி கோட்டை என்று சாலை நீள நீள, ஓரமெல்லாம் மக்காச்சோளம் மஞ்சளாக விரிந்து கிடக்கும். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பெண்கள் காலால் கிண்டிவிட்டபடி நடப்பார்கள். சாயங்காலம் ஆனால் தார்ப்பாயைப் போட்டு மூடி, மேலே கல்லை வைத்துவிட்டு, வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள்.

அந்த வானம்தான் இங்கே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. பெரம்பலூர் மாவட்டத்தின் மானாவாரி மக்காச்சோளம் பெரும்பாலும் புரட்டாசி மழையை நம்பி விதைக்கப்படுகிறது. மார்கழியோடு மழை விடைபெறும், தையில் காய்ந்த காட்டில் அறுவடை செய்யலாம் என்பதுதான் கணக்கு. 2021 ஜனவரியில் பருவம் தப்பிப் பெய்த மழை அந்தக் கணக்கைப் புரட்டிப்போட்டது. முற்றிய கதிர்கள் செடியிலேயே நனைந்தன. வயலில் கால் வைக்க முடியவில்லை. அதன்பிறகு தையில் ஒரு நாள் தூறினாலும் இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பதைபதைப்புதான்.

மேடு ஒரு மண், பள்ளம் ஒரு மண்

பெரம்பலூருக்குக் கிழக்கே குன்னம், வேப்பூர் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல் காடுகள். மழை நின்று மூன்று நாள் ஆகியும் செருப்போடு உள்ளே போக முடியாது. ஒவ்வொரு அடிக்கும் காலில் ஒரு கிலோ மண் ஏறிக்கொள்ளும். கரிசலில் உள்ள களி, தண்ணீரைக் குடித்து உப்பும்; காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். மானாவாரிப் பயிரை மழையில்லாத நாட்களில் காப்பாற்றுவதும் அந்தக் குணம்தான். அறுவடை நேரத்தில் வண்டியை விழுங்குவதும் அதே குணம்தான்.

அப்படியொரு காட்டின் வரப்பில் ஒரு காலை நேரம். மூன்று ஏக்கர் மக்காச்சோளம். கணவனும் மனைவியும் நிற்கிறார்கள். பக்கத்தில் ஆத்தூர்ப் பக்கமிருந்து வந்த அறுவடை வண்டி, டயர் வண்டி, சாலையிலேயே நிற்கிறது. ஓட்டுநர் தம்பி வரப்பிலிருந்து இறங்கி நான்கு எட்டு வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்.

"இறக்கிடலாம்ணே. ஏறுமான்னுதான் சொல்ல முடியாது."

"நாலு நாள் கழிச்சு வர்றியா தம்பி?"

"வேற ஊர்ல பேசியாச்சுண்ணே. திரும்பி வர எட்டு, பத்து நாளாவது ஆகும்."

மனைவி எதுவும் பேசாமல் பள்ளத்துப் பக்கம் நடக்கிறார். அங்கே சில செடிகள் சாய்ந்து கிடக்கின்றன. ஒரு கதிரை ஒடித்து மட்டையை உரிக்கிறார். அடிப்பக்கத்தில் நாலைந்து மணிகள் வெள்ளையாக முளை விட்டிருக்கின்றன. "பத்து நாளைக்கு இது தாங்காதுங்க" என்கிறார். விதை, உரம், படைப்புழுவுக்கு மருந்து என்று வாங்கிய கடன் அந்தக் கதிரில்தான் இருக்கிறது.

பிடித்துப் பார்த்தால் மண் சொல்லும்

இந்த இடத்தில் அவசரப்பட்டு வண்டியை இறக்குபவர்கள்தான் அதிகம். அதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைக்குக் காசு செலவில்லை. ஒரு சாண் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து, உள்ளங்கையில் வைத்து உருட்ட வேண்டும். பென்சிலைவிட மெல்லிய திரியாக உடையாமல் உருண்டால், டயர் வண்டி இறங்கக்கூடாத ஈரம். திரியாக வரும்போதே உடைந்து உதிர்ந்தால் வண்டி தாங்கும். மேல்மண் காய்ந்து வெளுத்திருப்பதைப் பார்த்து ஏமாறக்கூடாது.

டயர் வண்டிகள் பலவும் ஏறக்குறைய 8 டன் எடை. தானியத் தொட்டி நிறைந்தால் இன்னும் கூடும். அந்த எடையில் பெரும்பகுதி முன் டயர்களில்தான் இறங்குகிறது. ஈர மண்ணில் அது ஓடினால் மேலே தெரிவது தடம் மட்டும்தான். அடியில் மண் இறுகிப் பலகை போலாகிவிடும். அடுத்த ஆண்டு வேர் அதற்குக் கீழே இறங்காது, மழைநீரும் இறங்காது. இறுக்கத்தில் பெரும்பங்கு முதல் ஓட்டத்திலேயே ஏற்பட்டுவிடும். அதனால் வண்டி காடு முழுக்க அலையாமல் ஒரே தடத்தில் போய் வரவேண்டும். தொட்டி பாதி நிறைந்ததுமே வரப்போரம் வந்து கொட்டிவிட வேண்டும். தானியம் ஏற்றும் டிராக்டரை உள்ளே விடவே கூடாது.

பெல்ட் வண்டி கிடைத்தால் நல்லது. எடை அகலமாகப் பரவுவதால் புதைவது குறையும். ஆனால், அதுவும் ஒரே இடத்தில் திரும்பித் திரும்பி ஓடினால் மண்ணைப் பிசைந்துவிடும்.

புதைந்த வண்டியை இழுக்கும்போது சங்கிலி, கம்பிவடம் அறுந்தால் சாட்டையாய் வீசும். பார்க்க வரும் பிள்ளைகளைத் தூரத்தில் நிறுத்த வேண்டும். முன்பகுதியில் ஈரத்தட்டை சிக்கினால் இன்ஜினை நிறுத்திய பிறகே கை வைக்க வேண்டும்.

மூன்று ஏக்கரை இரண்டாகப் பிரித்தார்கள்

அன்று அந்தத் தம்பதி மூன்று இடங்களில் மண்ணை உருட்டிப் பார்த்தார்கள். மேட்டுப் பக்கம் உதிர்ந்தது. பள்ளத்தில் திரியாக நீண்டது. பிறகு செடிகளைச் சோதித்தார்கள். அடிக்கணுவை விரலால் அழுத்தினால் நசுங்கும் தட்டை நீண்ட நாள் நிற்காது. பத்துக்கு ஒன்று அப்படி இருந்தாலே அந்தப் பகுதியை முதலில் எடுத்துவிட வேண்டும். பள்ளத்தில் பத்துக்கு மூன்று நசுங்கின. மணியின் காம்புப் பக்கம் கறுத்திருந்தது. அது முற்றிவிட்டதற்கு அடையாளம். இனி செடியில் விட்டுவைப்பதால் எடை கூடப்போவதில்லை.

மேட்டில் இரண்டு ஏக்கருக்கு மட்டும் வண்டி இறங்கியது, அதுவும் பனி உலர்ந்த பிறகு. பள்ளத்து ஒரு ஏக்கரில் உறவுக்காரப் பெண்கள் நான்கு பேரோடு கதிரைக் கையால் ஒடித்து, கூடையில் சுமந்து வரப்புக்குக் கொண்டுவந்தார்கள். மட்டை உரித்த கதிருக்குள் காற்று புகும். ஈர மணியைக் குவிப்பதைவிட அது பாதுகாப்பு. முளைவிட்ட கதிர்களைத் தனியே ஒதுக்கினார்கள். காய்ந்தபின் டிராக்டர் இயந்திரத்தில் அடித்துக்கொள்ளலாம். கூலி கூடுதல்தான். ஆனால் காடு கெடவில்லை.

வண்டி ஓடிய முதல் சாலிலேயே பின்னால் போய்ப் பார்த்தார் அந்த விவசாயி. ஒரு சதுர மீட்டரில் 20 மணி சிதறிக்கிடந்தால் ஏக்கருக்குச் சுமார் 25 கிலோ போய்விட்டது என்று பொருள். தொட்டியில் உடைந்த மணி அதிகமிருந்தால் உருளையின் வேகத்தைக் குறைக்கச் சொல்லலாம். உடைந்த மணியில்தான் பூஞ்சணம் முதலில் பிடிக்கும்.

களத்துக்கு வந்த பிறகு

ஈர மணியைக் குவித்து வைத்தால் ஒரே இரவில் சூடேறிவிடும். அன்றே இரண்டு அங்குலத்துக்கு மேல் போகாமல் பரப்பி, அடிக்கடி கிண்ட வேண்டும். சாலையில் காயவைத்து விபத்தை வரவழைக்காமல், ஊரின் உலர்களத்தை முறைவைத்துப் பயன்படுத்துவது நல்லது.

நாமக்கல் பக்கத் தீவன ஆலைகளுக்குப் போகும் சோளத்துக்கு 14 சதவிகித ஈரம்தான் அளவு. 25 சதவிகித ஈரத்தில் 100 கிலோ இருப்பது, 14-க்குக் காய்ந்தால் 87 கிலோதான். ஈரத்தோடு விலை பேசும்போது இந்தக் கணக்கு மனதில் இருக்க வேண்டும். கருவி இல்லாதவர்கள், காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மணியோடு இரண்டு ஸ்பூன் வறுத்து ஆறவைத்த உப்பைப் போட்டு ஒரு நிமிடம் குலுக்கிக் கால் மணி நேரம் வைக்கலாம். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவிகிதத்துக்கு மேல். பச்சை, மஞ்சள் பூஞ்சணம் பிடித்த மணியைக் கறவை மாட்டுக்கும் போடக்கூடாது. அந்த நச்சு பாலிலும் இறங்கும்.

வண்டி ஓடிய தடத்தை ஈரத்தோடு உழக்கூடாது. கோடையில் கரிசல் தானாக வெடிக்கும். இறுக்கம் அதிலேயே ஓரளவு நெகிழும். நன்றாகக் காய்ந்தபின் உளிக்கலப்பை ஓட்டினால் இன்னும் நெகிழும்.

அன்று மாலை மேட்டு வேலை முடிந்து வண்டி சாலை ஏறியது. "அடுத்த வருஷம் பள்ளத்துப் பக்கம் ஒரு வடிகால் எடுத்துருங்கண்ணே" என்றார் ஓட்டுநர் தம்பி. "வடிகாலும் எடுக்கணும், நாலு பேரா சேர்ந்து பெல்ட் வண்டியை முன்கூட்டியே பேசி வைக்கணும்" என்றபடி வரப்பில் குவிந்த கதிர்மேல் தார்ப்பாயை இழுத்து மூடினார் அந்த அம்மா. மேற்கே பச்சைமலைப் பக்கம் மேகம் இல்லை.