வாயில் விளைந்த கல்

ஐந்து நிமிஷம் எதையும் விழுங்காமல் இருக்கச் சொன்னாள் அந்தப் பெண். பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர்களுக்காக நடந்த பல் பரிசோதனை முகாம். அவள் பல் மருத்துவத்தில் மேல்படிப்புப் படிக்கிறவள். ஆய்வுக்காக எச்சில் சேகரிக்கிறாள். ஒரு மணி நேரம் முன்பிருந்தே தின்னவோ குடிக்கவோ கூடாது. தலையைக் குனிந்து, நாக்கடியில் ஊறுவதைத் தானாகக் குழாய்க்குள் வழிய விட வேண்டும். காறித் துப்பக் கூடாது. "இயல்பா வர்றது போதும் ஐயா" என்றாள். அறுபத்தேழு வயதில், நாலு பேர் பார்த்திருக்க, ஒரு சிறு குழாயில் எச்சில் வடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது லேசில் கைவருகிற காரியமில்லை. கோவில் ஊரில் பிறந்தவனுக்கு எச்சில் முதலில் தீட்டு, பிறகுதான் திரவம். வாய் வறண்டுபோயிற்று. மூன்றாவது நிமிஷத்தில்தான் முதல் சொட்டு விழுந்தது.

அவள் தேடுவது அதில் கரைந்திருக்கும் உப்புகளை, முக்கியமாகக் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும். எச்சிலில் 100-க்கு 99 பங்கு தண்ணீர். மிச்சமிருக்கும் ஒரு பங்கில்தான் எல்லா விவகாரமும். ஈறு கெட்டவர்களின் எச்சிலில் கால்சியம் கூடுதலாக இருக்கிறதா, இருந்தால் பல் ஆடத் தொடங்குமுன்பே அதைக் கொண்டு நோயைப் பிடித்துவிடலாமா என்பது கேள்வி. இரத்தம் எடுக்க வேண்டாம், ஊசி வேண்டாம், ஒரு குழாய் போதும். மருத்துவத்தில் இப்படிப்பட்ட அளவுக்கு நோய்க்குறி என்று பெயர். குறி என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வேறு ஞாபகம் வந்தது. அதற்கு அப்பாவின் பல்லிலிருந்து தொடங்க வேண்டும்.

1979 ஜூலை. அத்திவரதர் ஆனந்தசரஸின் அடியிலிருந்து நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை எழுந்து வருகிற வருஷம். 2019-ல் வந்த ஜனத்திரளோடு ஒப்பிட்டால் அன்றைய கூட்டம் ஒன்றுமில்லை. ஆனாலும் எங்களுக்கு அது பெரிய கூட்டம். தரிசனம் முடிந்து சின்னக் காஞ்சிபுரத்திலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தோம். அப்பா பொரிகடலை மென்றுகொண்டு வந்தவர் நின்றார். வாய்க்குள் இரண்டு விரலை விட்டு ஒரு பல்லை எடுத்தார். கீழ்வரிசை முன்பல். வலியில்லை, இரத்தம்கூடப் பெயருக்குத்தான். தெருக்குழாயில் கழுவி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். சொத்தை ஏதுமில்லாத முழுப் பல், வேரோடு. வேரைச் சுற்றிக் கருப்பும் பழுப்புமாக ஒரு வளையம் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினார், வரவில்லை. வீட்டுக்கு வந்து இழை வெட்டுகிற கத்தரியின் நுனியால் சுரண்டினார், அப்போதும் வரவில்லை. "இந்தக் கல்லு என் வாயிலயா விளைஞ்சுது?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. அம்மா பல்லை வாங்கிக் கூரைமேல் எறிந்தாள், குழந்தைகளின் பால்பல்லை எறிவது போல. அப்போது அவருக்கு ஐம்பத்தொன்று. அடுத்த நான்கு வருஷத்தில் கீழ்வரிசை முழுக்கப் போய்விட்டது.

அவர் வாயை என்னைப்போல் கவனித்தவர்கள் இருக்க முடியாது. கோர்வைச் சேலைக்கு உடலுக்கு ஒரு நாடா, இரண்டு பக்கத்துக் கரைக்கும் தனித்தனி நாடா. கரை நாடாவைப் போட்டுக்கொடுக்கப் பக்கத்தில் ஒரு பையன் வேண்டும். ஏழு வயதிலிருந்து நான்தான் அந்தப் பையன். தறிக்குழிக்குள் காலை விட்டு அவர் உட்கார்ந்திருக்க, எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் முகத்தின் ஒரு பக்கம், அசைகிற தாடை. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு. பாவில் வெள்ளைப் பட்டு இருந்தால் துப்ப எழுந்திருக்க மாட்டார். ஒரு பொட்டுத் தெறித்தாலும் சேலை போயிற்று. மணிக்கணக்கில் சுண்ணாம்புச் சாறு வாயிலேயே நிற்கும். இழை அறுந்தால் நுனியை உதட்டில் வைத்து நனைத்து முறுக்கிப் பிணைப்பார். அம்மன் உடுத்துகிற சேலையிலும் அப்படித்தான். இதை யாரும் எச்சில் என்று சொன்னதில்லை. சொல்லவும் கூடாது போலும். பட்டே ஒரு எச்சில்தான். பட்டுப்புழுவின் நூல்சுரப்பி உருமாறிய உமிழ்நீர்ச் சுரப்பி. திரவமாக இருக்கிற புரதம் அந்தக் குழாய் வழியே வர வர, அமிலத்தன்மை கூடிக் கெட்டிப்பட்டு, கீழுதட்டிலிருந்து இழையாக வெளிவருகிறது.

மனித வாயில் கெட்டிப்படுவது எதிர்த்திசையில். எச்சிலில் கால்சியமும் பாஸ்பேட்டும் தண்ணீர் தாங்கக்கூடியதற்கு மேலாகவே கரைந்திருக்கின்றன. எந்த நிமிஷமும் படிந்துவிடக்கூடிய நிலை. படியாமல் பிடித்து வைத்திருப்பவை ஸ்டாதெரின் போன்ற சில புரதங்கள். இந்தத் தாராளத்தில் அர்த்தமிருக்கிறது: புளிப்பும் இனிப்பும் பல்லிலிருந்து அரித்துக்கொண்டு போகிற தாதுவை எச்சில்தான் திரும்பக் கொண்டுவந்து வைக்கிறது. ஆனால் ஈறு ஓரத்தில் கிருமிகளின் படலம் துலக்காமல் கிடந்தால் கதை மாறுகிறது. அவை எச்சிலிலுள்ள யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்குகின்றன, காரத்தன்மை ஏறுகிறது, உப்பு படலத்துக்குள்ளேயே படிந்து கல்லாகிறது. இரண்டு வாரத்துக்குள் ஒரு படலம் பெரும்பாலும் காறையாகிவிடலாம். முற்றிய காறையில் 70, 80 சதவீதம் தாதுதான். கீழ் முன்பற்களின் உட்புறத்தில்தான் அது சீக்கிரம் சேரும். தாடையடிச் சுரப்பியின் வாய் திறப்பது அங்கே. அந்தக் குழாயைத் தாமஸ் வார்ட்டன் 1656-லேயே விவரித்து எழுதியிருக்கிறார். அப்பாவின் முதல் பல் ஏன் அங்கிருந்து போயிற்று என்பதற்குப் பதில், அவர் கேள்வி கேட்பதற்கு முந்நூறு வருஷம் முன்பே பாதி எழுதப்பட்டுவிட்டது.

கல் மட்டுமே குற்றவாளியல்ல. அதன் சொரசொரப்பில் மேலும் கிருமி தங்குகிறது. ஈறு வீங்கிப் பல்லை விட்டுப் பிரிகிறது. அந்த இடுக்கில் இரத்தக்குழாய்களிலிருந்து ஒரு நீர் கசிகிறது. 1958-ல் பிரில், கிராஸ்ஸே என்ற இருவர் சன்னமான வடிதாள் துண்டை இடுக்கில் செருகி அதை உறிஞ்சி எடுத்துக் காட்டினார்கள். வீக்கம் கூடினால் கசிவு கூடும், அதோடு உப்புகளும். உள்ளே எலும்பு கரைந்துகொண்டே போகும். பல்லில் ஒரு கோளாறும் இருக்காது, அஸ்திவாரம் போய்விடும். பயோரியா என்று அந்தக் காலத்தில் பற்பொடி விளம்பரங்களில் எல்லாம் வருமே, அதுதான்.

நான் என்ன செய்தேன்? கவிதை எழுதினேன். 1981-ல், இப்போது நின்றுபோன ஒரு சிறுபத்திரிகையில். பல்லில்லாத ஒரு நெசவாளியின் வாய், அதற்குள் ஓடுகிற காலியான தறி. இருபத்துநான்கு வயது. நண்பர்கள் கடிதம் எழுதினார்கள். ஒருவர் 'சிதைவின் குறியீடு' என்று இரண்டு பக்கம் விளக்கினார். கைத்தறியின் அழிவு, காலத்தின் வாய், இன்னும் ஏதேதோ. குறிக்கும் குறியீட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று நாங்கள் இரவெல்லாம் பேசிய காலம். எனக்கும் பெருமையாக இருந்தது. அப்பாவைப் பஸ் ஏற்றிச் சென்னைக்கு அழைத்துப்போய், 1953-லிருந்து இயங்கிவரும் அரசு பல் மருத்துவக் கல்லூரியில் காட்டியிருக்கலாம். காறையை எடுத்து, வேரைச் சுத்தம் செய்திருந்தால் மிச்சமிருந்த பற்களில் பாதியாவது நின்றிருக்கும். அவருக்குச் சர்க்கரை இருந்தது 1986-ல்தான் தெரிந்தது. சர்க்கரையும் ஈறும் ஒன்றையொன்று கெடுப்பவை. ஒன்றைப் பார்த்திருந்தால் மற்றது பிடிபட்டிருக்கும். எனக்கு அந்த வாயில் ஒரு படிமம் கிடைத்துவிட்டபடியால் அதில் ஒரு வியாதி இருக்கக்கூடும் என்று தோன்றவேயில்லை. கவிதையை அவர் படித்ததில்லை. கடைசிக் காலத்தில் 'தறி' என்று அவர் சொன்னால் வெறும் காற்றுதான் வந்தது. ஒலி பிறக்கிற எட்டு இடங்களில் பல்லும் ஒன்று என்று தொல்காப்பியம் வைத்திருப்பதை அவர் வாயைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

குறி என்பதும் அவ்வளவு நம்பகமான சமாச்சாரமில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். இங்கே ஜரிகையைச் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டு தெரிந்தால் அசல் என்பார்கள். சிவப்பு நூலைப் போலிக்கும் சுற்றலாமே. இப்போது எக்ஸ்-கதிர் இயந்திரம் தங்கம் இத்தனை, வெள்ளி இத்தனை, செம்பு இத்தனை என்று சொல்லிவிடுகிறது. எச்சில் அப்படியில்லை. ஈறு நோய் உள்ளவர்களிடம் கால்சியம் அதிகம் என்று கண்ட ஆய்வுகள் பல உண்டு; வித்தியாசமே இல்லை என்று முடித்தவையும் உண்டு. காலையில் ஓர் அளவு, சாயங்காலம் ஓர் அளவு. வேகமாக ஊறினால் ஒன்று, மந்தமாக ஊறினால் ஒன்று. பல்லைக் காக்க வருகிற உப்பும் கல்லாகப் படிகிற உப்பும் ஒன்றேயாக இருக்கும்போது, எண்ணைப் பார்த்து எது நடக்கிறது என்று எப்படிச் சொல்வது? அந்தப் பெண்ணிடமே கேட்டேன். "தனியா அதை வெச்சு முடிவு பண்ண முடியாதுங்க ஐயா. உள்ள அளந்து பாக்கத்தான் வேணும்" என்றாள். ஒளிக்காமல் சொன்னது பிடித்திருந்தது. பிறகு கோடு போட்ட மெல்லிய கம்பியை என் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே ஒவ்வொரு இடமாக இறக்கி எண் சொல்லிக்கொண்டே போனாள், இன்னொரு பெண் எழுதிக்கொண்டாள். மூன்று மில்லிமீட்டர்வரை சரியாம். எனக்குக் கீழ்முன்பற்களில் ஐந்து, ஆறு, ஆறு.

2019 ஜனவரியில் ஒரு செய்தி வந்தது. ஜெர்மனியில் டால்ஹைம் என்ற இடத்து மடத்தில், மத்திய காலத்தில் புதைக்கப்பட்ட ஒரு பெண்ணின் பற்காறைக்குள் நீலத் துகள்கள் கிடைத்தன. ஆப்கானிஸ்தானத்து நீலக்கல்லின் பொடி. சுவடிகளுக்கு வர்ணம் தீட்டும்போது தூரிகையின் நுனியை அவள் உதட்டில் வைத்துக் கூர்மைப்படுத்தியிருக்க வேண்டும் என்கிறார்கள். அதே வருஷம் ஜூலையில் அத்திவரதரைப் பார்க்க வரிசையில் நின்றபோது எங்கள் வீட்டுக் கூரை நினைவுக்கு வந்தது. அந்த வீடு இடிந்து, மாடி எழும்பி இருபது வருஷமாகிவிட்டிருந்தது.

அந்தப் பெண் படிவத்தை எடுத்தாள். வெற்றிலை உண்டா? இல்லை. சர்க்கரை? உண்டு, பத்து வருஷமாக. குடும்பத்தில் யாருக்காவது பல் ஆடி விழுந்ததுண்டா?

"அப்பாவுக்கு."

"எந்த வருஷம்னு ஞாபகம் இருக்குங்களா?"

"அத்திவரதர் வந்த வருஷம்."

"2019-லயா?"

"அதுக்கு முந்தினது."

மனதுக்குள் கழித்துப் பார்த்துவிட்டு 1979 என்று எழுதினாள்.

"அப்ப யார்கிட்டயாவது காட்டினீங்களா ஐயா?"


இல்லை என்றேன். அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, குழாயை மூடி என் எண்ணை ஒட்டினாள்.