சேதாரம்

பொன் மென்மையானது என்பதையும் உருக்கு வன்மையானது என்பதையும் அறியாதார் இலர். வன்மையானது மென்மையானதை எளிதிலே வெல்லும் என்று எண்ணுவதும் இயல்பே. அவ்வாறு எண்ணிய இளைஞன் ஒருவன் கற்றுக்கொண்ட பாடத்தை இங்கு எழுதப் புகுகின்றேன். அவ்விளைஞன் வேறு யாருமல்லன், நானே.

1979ஆம் ஆண்டு. பேராதனைப் பொறியியற் பீடத்தில் மூன்றாம் ஆண்டு மாணவனாக இருந்தேன். விடுமுறைக்கு ஊர்காவற்றுறைக்குப் புறப்படுமுன், கொழும்பு பஞ்சிகாவத்தையிலே அதிவேக உருக்கினாலான முறுக்குத் துறப்பண அலகுகள் சிலவற்றையும், கையாற் சுழற்றும் சிறு துறப்பணம் ஒன்றையும் வாங்கிக்கொண்டேன். ஊரிலே அக்காவின் திருமண ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தன. அம்மா தம் பழைய காப்புகள் இரண்டை உருக்கக் கொடுத்து, அக்காவுக்கு ஓர் அட்டியற் பதக்கம் செய்வித்துக்கொண்டிருந்தார். செய்தவர் எங்கள் ஒழுங்கையின் முடிவிலே குடியிருந்த முதிய பத்தர்.

அவருடைய பட்டறை வீட்டுத் திண்ணையின் ஒரு மூலைதான். உமியோட்டிலே கனலும் கரி, ஊதுகுழல், குறடு, சாமணம், கம்பியச்சு, அரங்கள், உரைகல் ஆகியவற்றோடு வில்துறப்பணம் ஒன்றும் இருந்தது. மரத்தண்டின் தலையைச் சிரட்டைத் துண்டினால் அழுத்தி, தண்டைச் சுற்றிய நூலை வில்லினால் முன்னும் பின்னும் இழுப்பார். அலகும் முன்னும் பின்னும் சுழலும். அவ்வலகு தையல் ஊசியொன்றின் முனையைத் தட்டையாக்கித் தீட்டி அவரே செய்துகொண்டது.

பதக்கத்தின் கீழ்விளிம்பிலே முத்துகள் தொங்கவிட ஐந்து துளைகள் வேண்டியிருந்தன. அவர் வில்லைக் கையில் எடுத்தபோது நான் குறுக்கிட்டேன். இப்பொழுது நினைத்தாலும் கூச்சமாக இருக்கின்றது. ஒரு விரிவுரையே நிகழ்த்திவிட்டேன். நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு தங்குதன், நான்கு பங்கு குரோமியம், ஒரு பங்கு வனேடியம் சேர்ந்த உருக்கின் பெருமையைச் சொன்னேன். அமெரிக்காவிலே ரெயிலர், வைற் என்னும் இருவர் கண்ட முறையினாற் பதப்படுத்திய வெட்டுளிகள், 1900ஆம் ஆண்டின் பாரிஸ் கண்காட்சியிலே செந்நிறமாகக் கனன்றபடியே இரும்பைச் சீவி உலகை வியக்க வைத்ததைச் சொன்னேன். ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் வெப்பத்திலும் இவ்வுருக்குக் கடினங் குன்றாது என்றேன். பத்தர் முழுவதையும் பொறுமையோடு கேட்டார்.

“நல்லது தம்பி, படிச்ச பிள்ளை சொல்லுறீர். ஒண்டைப் போட்டுப் பாரும்” என்று தகட்டை என் முன்னே நகர்த்தினார்.

தகட்டை ஒரு கையாற் பிடித்துக்கொண்டு மறு கையாற் சுழற்றினேன். அலகு வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கிற்று. எனக்குப் பெருமிதம் தாங்கவில்லை. அடிப்பக்கம் துளைத்துக்கொண்டு வெளிவரும் கணத்திலே அலகு பொன்னைக் கவ்விப் பிடித்தது. தகடு என் விரல்களிலிருந்து பறிபட்டு அலகோடு சேர்ந்து சுழன்றது. விளிம்பு கிழிந்தது. பொற்சிம்புகள் சில திண்ணைக்கு அப்பாலே மணலிற் போய் வீழ்ந்தன.

பத்தர் ஏசவில்லை. வெள்ளைத் துணியை விரித்துச் சிதறல்களைக் கூட்டினார்; மணலையும் அள்ளிக் கழுவிப் பார்த்தார். பின்பு நான் கொண்டுவந்த அலகை வாங்கிக் கண்ணருகே பிடித்து நெடுநேரம் நோக்கினார். அதன் வெட்டு விளிம்புகள் இரண்டையும் எண்ணெய்க் கல்லிலே மெல்ல மெல்லத் தேய்த்து, அவற்றின் கூர்மையை ஒரு மயிரளவு மழுக்கினார். தேன்மெழுகிலே அலகைத் தோய்த்தார். தகட்டின் கீழே மரக்கட்டையொன்றை வைத்து, இரண்டையும் இறுகப் பிணித்தார். துளைக்குரிய இடத்தில் உளிமுனையாற் சிறு குழியிட்டு, அதில் அலகை நிறுத்தி ஆறுதலாகச் சுழற்றினார். துளை வட்டமாக விழுந்தது.

“இரும்பு எதிர்த்து நிக்கும் தம்பி, அதுக்கு இந்தக் கூர் சரி. பொன் எதிர்க்காது, விட்டுக் குடுக்கும். விட்டுக் குடுக்கிறதுக்கை கூரை விட்டா, கூர் தன்ரை பாட்டிலை ஓடிப்போகும்” என்றார்.

கிழிந்த விளிம்பை அவர் வெட்டியெடுத்து, புதுத் துண்டு வைத்துப் பொடிவைத்து ஊதி, அரத்தினால் இழைத்து ஒப்பமாக்கினார். பதக்கம் வீட்டுக்கு வந்த நாளன்று அம்மா நிறுத்துப் பார்த்தார். பேசிக்கொண்ட சேதாரத்துக்கு மேலும் அரைக் கிராம் அளவிற் குறைந்திருந்தது.

“சேதாரம் கொஞ்சம் கூடிப்போச்சு பிள்ளை. கூலியிலை கழிச்சுக்கொள்ளுங்கோ” என்றார் பத்தர். அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. அம்மா கூலியைக் குறைத்தே கொடுத்தார். அவர் படலையைத் தாண்டியதும், பெற்ற தாயின் பொன்னிலும் தட்டான் எடுப்பான் என்ற பழமொழியைச் சொல்லிப் பெருமூச்செறிந்தார். நான் அருகிலேதான் நின்றேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கல்யாண வீட்டிலே பேச்சு வளரக்கூடாது என்று எனக்கு நானே நியாயம் கற்பித்துக்கொண்டேன்.

அடுத்த தவணையிலே நூலகத்திற் குந்தியிருந்து அவர் செய்தவற்றுக்கெல்லாம் காரணம் தேடினேன். முறுக்குத் துறப்பணத்தின் சுருள் பொதுவாக 30 பாகை அளவு சாய்ந்திருக்கும். அச்சாய்வே வெட்டு விளிம்புக்கு முன்னோக்கிய கூர்க்கோணத்தைக் கொடுக்கின்றது. மென்மையான உலோகத்திலே அவ்விளிம்பு திருகாணிபோலத் தன்னைத்தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். வெளிவரும் கணத்தில் அலகின் கீழே தாங்குவதற்கு ஏதுமில்லாமையால் அவ்விழுப்பு முழு வலுவையும் பெறுகின்றது. விளிம்பைச் சிறிது மழுக்கினாற் கோணம் பூச்சியமாகும். அலகு இழுக்காமற் சுரண்டிச் சுரண்டி வெட்டும். பத்தரின் ஊசியலகு முன்னும் பின்னும் சுழன்று சுரண்டியதும் இதே நியாயத்தினாலேயாம். பொன்னின் சீவல்கள் அலகிலே ஒட்டிக்கொள்ளும் இயல்பின. மெழுகு அதனைத் தடுக்கின்றது.

நான் வியந்து போற்றிய வெப்பந்தாங்கும் ஆற்றலுக்கு அங்கே வேலையே இருக்கவில்லை. பதமிளக்கிய தூய பொன்னின் விக்கர்சுக் கடினம் ஏறத்தாழ 25. பதமேற்றிய அதிவேக உருக்கினதோ 800க்கும் மேல். இரும்பைவிட நான்கு மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும் பொன்னிலே, கையாற் சுழலும் அலகு செந்நிறமாவது எங்ஙனம்? வேண்டாத இடத்திலே வேண்டாத வலிமையைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, அதனை அறிவென்று நான் எண்ணியிருந்தேன்.

பிற்காலத்திலே மாணவர்க்கு வெட்டுக்கருவிகளைப் பற்றிக் கற்பித்த ஆண்டுகளில் இவற்றையெல்லாம் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கின்றேன். கிழிந்த பதக்கத்தைப் பற்றி மாத்திரம் வாய் திறந்ததில்லை.

அம்மாவிடம் உண்மையைச் சொன்னது 1984ஆம் ஆண்டிலே. பத்தர் அதற்கு முந்திய ஆண்டே காலமாகிவிட்டார். அம்மா என்னை ஒன்றும் கேட்கவில்லை. சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, குறைத்த கூலியை எண்ணி ஒரு வெற்றிலைத் தட்டத்தில் வைத்து, என்னையும் கூட்டிக்கொண்டு ஒழுங்கை முடிவுக்கு நடந்தார். பத்தரின் மனைவி காசைக் கையால் தொடவில்லை.

“அவர் அண்டைக்கே எனக்குச் சொன்னவர்” என்றார் அம்மூதாட்டி. “தம்பி கெட்டிக்காரன், கைதான் இன்னும் படியேல்லை எண்டு. காசு கிடக்கட்டும். வந்தனீங்கள், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ.”

அம்மா அங்கே தேநீர் அருந்தியது அதுவே முதன்முறை. வீடு திரும்பும் வழியிலே அவர் அழுதார்.

1990களின் தொடக்கத்திலே போரினாற் தீவகத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது எங்கள் ஒழுங்கையும் வெறிச்சோடிற்று. பல்லாண்டுகள் கழித்து நான் சென்று பார்த்தபோது, பட்டறை இருந்த திண்ணையை ஆலஞ்செடியின் வேர்கள் பிளந்திருந்தன. வில்துறப்பணம் என்னவாயிற்று என்று சொல்வாரில்லை.

பதக்கம் அக்காவோடு ரொறொன்ரோவில் இருக்கின்றது. சென்ற முறை அங்கே போயிருந்தபோது கேட்டு வாங்கிப் பார்த்தேன். கீழ்விளிம்பிலே, முதலாவது முத்துக்கு மேலே, ஒட்டிய இடம் ஒரு மயிரிழைபோல வெளிறித் தெரிகின்றது. கண்ணுக்குப் புலப்படாவிடினும் நகத்தால் வருடினால் தெரியும். அக்காவுக்கு அதன் காரணம் இன்னும் தெரியாது. இக்கட்டுரை அச்சேறியதும் முதற்பிரதியை அவருக்கே அனுப்ப எண்ணியிருக்கின்றேன்.