கீழறையில் ஒரு தகரப் பெட்டி

மாத்தளையில் சரிவான காணியில் வீடு கட்டியவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு கீழறை கிடைத்துவிடுகிறது. வாசல் வீதி மட்டத்தில் இருக்கும். பின்புறம் நிலம் இறங்குவதால் வீட்டின் அடியில் ஓர் அறை தானாக அமையும். அதன் ஒரு பக்கச் சுவர் மண்ணைத் தாங்கி நிற்கும். மறுபக்கத்தில் ஒரு சிறிய யன்னல் இருந்தால் அதிர்ஷ்டம். விறகு, மிளகுச் சாக்கு, கால் உடைந்த கதிரைகள் ஆகியன அங்கே குடியிருக்கும். எங்கள் வீட்டுக் கீழறையில் இருப்பவை காகிதங்கள்.

மூன்று தசாப்தப் பத்திரிகைத் தொழிலில் சேர்ந்த குறிப்புப் புத்தகங்கள், செய்தி நறுக்குகள், நின்றுபோன சஞ்சிகைகளின் கட்டுகள் எல்லாம் அங்கேதான். இவை போனால் எனக்கு மட்டுமே நட்டம். ஆனால் ஒரு தகரப் பெட்டியும் இருக்கிறது. 2003இல் இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறிய நாட்களில் செய்தி சேகரிக்கத் தோட்டங்களுக்குப் போனபோது, "எங்க லயத்துல வச்சா கரையான் தின்னுடும், நீங்களே வச்சிக்கங்க தம்பி" என்று சில முதியவர்கள் தந்த தாள்கள் அதில் உள்ளன. தோட்டத்துரை எழுதிக்கொடுத்த கடிதம், பிறப்புப் பதிவின் பிரதி, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாக வந்த பதில் என்று பல வகை. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று எண்ணிப் பங்கிட்டது. அந்த ஆண்டுகளில் ஒரு குடும்பத்தின் கதி பல வேளைகளில் ஒரு தாளில் தங்கியிருந்தது. கூரை ஒழுகும் லயத்து அறையில் அந்தத் தாளைக் காப்பாற்ற அவர்கள் கண்ட வழி, அடுப்புக்கு மேலே பரணில் புகைபடும்படி வைப்பது. ஈரத்துக்கும் பூச்சிக்கும் அது நல்ல மருந்து என்பதைப் பழுப்பேறியும் முழுதாக இருந்த அந்தத் தாள்களே காட்டின.

2023இல், மலையக மக்களின் இருநூறு ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. முன்னோர் காட்டுவழியே நடந்துவந்த அதே திசை. அதையொட்டி எழுதுவதற்காகப் பெட்டியைத் திறந்தேன். தாள்களின் ஓரங்களில் சாம்பல் நிறப் பூஞ்சணம் பிடித்திருந்தது. ஒரு கடிதத்தில் கையெழுத்தின் நீலமை விரிந்து பெயர் பாதி மறைந்திருந்தது. காகிதம் அழிவது என்றவுடன் தமிழராகிய நமக்கு 1981இன் யாழ்ப்பாண நூலகமும் தீயும் நினைவுக்கு வரும். ஈரம் செய்யும் வேலையை எவரும் பார்ப்பதில்லை.

ரொறன்ரோவில் ஸ்காபரோவில் இருக்கும் மைத்துனரிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். "அத்தான், ஒரு டிஹியூமிடிபயர் வாங்கி விடுங்கோ. அவ்வளவுதான் விசயம்" என்றார். கனடாவுக்குப் போன நம்மவர்களில் பேஸ்மன்ட் வாழ்க்கையை அறியாதவர்கள் குறைவு. ஆகவே அவர் அனுபவஸ்தர். ஊருக்கு வருபவர் ஒருவரிடம் ஓர் இயந்திரத்தைக் கொடுத்துவிடவும் அவர் தயாராக இருந்தார். நான் மறுத்தேன். கனடாவில் மின்சாரம் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். வோல்ற்றளவை ஒரு மாற்றி சரிசெய்யும். ஹேர்ட்ஸை அது மாற்றாது. கொம்பிரசர் உள்ள பொருள்களை அன்பளிப்பாக அனுப்பும் உறவினர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

காலநிலையும் வேறு. அங்கே பேஸ்மன்ட்டின் துன்பம் பெரும்பாலும் கோடைக்கு உரியது. குளிர்காலத்தில் வீட்டுக்குள் உதடு வெடிக்கும் அளவுக்கு வறட்சி. இங்கே அந்த ஓய்வு இல்லை. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மாத்தளைக்குப் பெருமழைக் காலம். மற்ற மாதங்களிலும் நக்கிள்ஸ் மலைத்தொடரின் மூடுபனி தூரத்தில் இல்லை.

முதலில் ஓர் ஈரப்பதன்மானி வாங்கினேன். மலிவான இலக்கமானிதான். அதை நம்பலாமா என்று அறிய எளிய சோதனை உண்டு. ஒரு போத்தல் மூடியில் கறியுப்பை இட்டு, களியாகும் அளவுக்கு மட்டும் சில துளி நீர் விட்டு, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் இரவு முழுவதும் வைத்தால், அது 75 சதவீதம் காட்ட வேண்டும். என்னுடையது 78 காட்டியது. மூன்றைக் கழித்து வாசித்தால் போதும். கீழறையின் சாரீரப்பதன் 86. எழுபதைத் தாண்டி நீடித்தாலே பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். காகிதத்துக்கு ஐம்பதுக்கும் அறுபதுக்கும் இடையில் வைத்திருந்தால் நமது தேசத்தில் அது நல்ல நிலை.

யன்னலைத் திறந்து காற்றோட்டம் விடுங்கள் என்பது எல்லோரும் சொல்லும் அறிவுரை. மழைவிட்ட மதியத்தில் அது தீங்கு செய்யும். வெளியே 29 பாகை வெப்பமும் 80 சதவீத ஈரமும் உள்ள காற்றின் பனிபடுநிலை ஏறக்குறைய 25 பாகை. மண்ணோடு ஒட்டிய சுவர் 24 பாகையில் இருந்தால், உள்ளே வரும் காற்று அதன்மீது நீராக ஒடுங்கும். குளிர்ந்த சோடாப் போத்தல் வியர்ப்பதைப்போலச் சுவர் வியர்க்கும். வெளிக்காற்று உண்மையில் வறண்டிருக்கும் நாட்களில் மட்டும் யன்னலைத் திறப்பது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

ஆனால் சுவரின் ஈரம் காற்றிலிருந்து வருகிறதா, மண்ணிலிருந்து வருகிறதா? இரண்டடிச் சதுரப் பொலித்தீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் இறுக ஒட்டி இரண்டு நாள் விட்டேன். அறைப்பக்கம் நீர்த்துளி இருந்தால் காற்றின் ஈரம். சுவர்ப்பக்கம் இருந்தால் மண்ணின் ஈரம். எங்கள் தாளின் சுவர்ப்பக்கம் நனைந்திருந்தது.

இந்த இடத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கீழறையின் கொள்ளளவு சுமார் 50 கன மீற்றர். 25 பாகையில் அதன் காற்றை 85 சதவீதத்திலிருந்து 55க்கு இறக்க அகற்ற வேண்டிய நீர் வெறும் 350 கிராம் அளவுதான். இரண்டு தேநீர்க் கோப்பை! அதற்கு இயந்திரம் எதற்கு? சுவர் நாள்தோறும் புதிதாகக் கொண்டுவந்து சேர்க்கும் நீருக்குத்தான் இயந்திரம் பாடுபடுகிறது. மழையைச் சுவருக்குள் விட்டுவிட்டு இயந்திரத்தை ஓடவிடுவது, ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்பும் வேலை.

இதை நமது மாவட்டத்தார் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தனர். தம்புள்ளைக் குகைகளுக்குப் போகிறவர்கள் ஓவியங்களைப் பார்க்கிறார்கள். தலைக்கு மேலே பாறையின் நெற்றியில் வெட்டப்பட்டிருக்கும் விளிம்பைப் பார்ப்பவர் சிலரே. பாறையின் முகத்தில் வழியும் மழைநீர் அந்த விளிம்பில் தடைப்பட்டு, குகைக்குள் புகாமல் வெளியே சொட்டும். சிங்களத்தில் அதைக் 'கட்டாரம்' என்பர். அது இல்லையேல் சுமார் 2,100 சதுர மீற்றர் பரப்பிலான அந்த ஓவியங்கள் என்ன ஆகியிருக்கும்? அங்கே மற்றொன்றும் எனக்குப் பிடிக்கும். மகாராஜ விகாரை என்னும் இரண்டாம் குகையில் கூரைப் பாறையிலிருந்து ஓயாது சொட்டும் நீரை ஒரு பாத்திரம் வைத்து ஏந்துகிறார்கள். தடுக்கக் கூடியதைத் தடுத்தார்கள். தடுக்க முடியாததற்குப் பாத்திரம் வைத்தார்கள். மாத்தளை நகருக்கு அருகில் உள்ள அலுவிகாரையில்தான் கி.மு. முதலாம் நூற்றாண்டில் திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டது என்பது பௌத்த மரபு. நூலை எழுதியவர்களுக்கு அதை உலர்வாக வைத்திருக்கும் கவலையும் இருந்திருக்கும் அல்லவா?

நானும் அந்த ஒழுங்கிலேயே போனேன். கூரைப்பீலியில் இரண்டு இடங்களில் ஓட்டை. மழைநீர் நேராக மேற்பக்கச் சுவரின் அடியில் விழுந்துகொண்டிருந்தது. பீலியை மாற்றினோம். சுவருக்குப் பின்னால் கான் வெட்டி, கருங்கல் சல்லி இட்டு, துளையிட்ட குழாய் ஒன்றைச் சரிவின் கீழ்ப்பக்கம் வரை கொண்டுபோனோம். செலவில் பெரும்பங்கு இதற்கே போயிற்று. உட்சுவரில் நீர்புகாப் பூச்சு அடித்தால் போதும் என்று மேசன் வாதாடினார். வெளியே இருந்து தள்ளும் நீரை உள்ளே இருந்து தடுத்தால், அது சுவருக்குள் மேலேறி வேறிடத்தில் தலைகாட்டும். அவருக்கு இன்னமும் என்மீது வருத்தம். அலுமாரிகளைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளி, நிலத்திலிருந்து உயர்த்தி வைத்தோம். இரண்டு மாதத்தில் மானி 86இலிருந்து 74க்கு இறங்கியது. அதற்குப் பிறகே கடைக்குப் போனேன்.

கடையில் முதலில் காட்டப்பட்டது உள்ளங்கை அகல அழகிய வெள்ளைப் பெட்டி. சத்தமில்லை, விலையும் குறைவு. பெல்ரியர் முறையில் இயங்கும் இத்தகையவை நாளுக்குச் சில நூறு மில்லிலீற்றர் நீரே எடுக்கும். ஓர் அலுமாரிக்கு உதவும், அறைக்கு அல்ல. ஈரம் உறிஞ்சும் பொருளைச் சூடாக்கி இயங்கும் மற்றொரு வகை, குளிர்ந்த அறைகளுக்கு ஏற்றது. மின்சாரத்தை அதிகம் குடிக்கும், அறையையும் சூடாக்கும். மாத்தளை வெப்பத்துக்குக் கொம்பிரசர் வகைதான் பொருத்தம்.

அடுத்து, பெட்டியில் அச்சிட்ட லீற்றர்க் கணக்கு. நாளுக்கு 12 லீற்றர் என்றால் அது பெரும்பாலும் 30 பாகையும் 80 சதவீத ஈரமும் உள்ள சோதனை அறையில் எடுத்த அளவு. நமது அறை 60ஐ நெருங்கும்போது பாதியளவை எதிர்பார்ப்பதே நியாயம். அமெரிக்காவில் 2019 முதல் சோதனை வெப்பநிலையைக் குறைத்தார்கள். உடனே 70 பைந்து என்று விற்ற இயந்திரம் 50 பைந்து ஆயிற்று. இயந்திரம் அதேதான். கான் வெட்டிய அறைக்கு 12 லீற்றர் போதும் என்று முடிவுசெய்தேன்.

விற்பனையாளர் சொல்லாத ஒன்றை நானே கேட்டுப் பெற்றேன். மின்வெட்டுக்குப் பிறகு மின்சாரம் வந்ததும் இயந்திரம் தானாக மீண்டும் தொடங்க வேண்டும். பல புதிய மொடல்கள் யாராவது பொத்தானை அழுத்தும்வரை உறங்கும். கடையிலேயே செருகியைக் கழற்றி மாட்டிப் பார்த்தேன். பையன் சிரித்தான். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் இருளில் இருந்த நாட்டில் இது சிரிக்கும் விடயம் அல்ல. நீர்த்தொட்டியைச் சுமந்து ஊற்றாமல் குழாய் மூலம் வெளியேற்றும் வசதியும் இருக்க வேண்டும். சரிவு நிலத்தில் அது சுலபம். எங்கள் குழாய் வாழையடிக்குப் போகிறது.

ஏறக்குறைய 200 வாற்று இயந்திரம் நாளுக்கு எட்டு மணிநேரம் ஓடினால் மாதத்துக்கு ஐம்பது அலகு அளவில் கூடும். நமது கட்டண முறையில் ஒரு படி தாண்டினால் முழுச் சிட்டையும் உயரும். எனவே 55இல் நிறுத்தும்படி அமைத்திருக்கிறேன்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. மாத்தளை, கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிவு மனிதர்களைக் கொண்டுபோன நாட்களில் ஒரு காகிதப் பெட்டியைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருந்தது. மின்சாரம் இல்லை, இயந்திரம் ஊமையாக நின்றது. வெளியே கான் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தது. மின்சாரம் திரும்பிய அன்று மானியில் 79. பெட்டிக்குள் தாள்கள் உலர்வாகவே இருந்தன. பிறகு, அடையாள அட்டையும் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் மண்ணோடு போய்விட்டன என்று சொன்னவர்களிடம் பேசியபோது, அந்தப் பெட்டியைத் தந்தவர்களின் முகங்கள் நினைவுக்கு வந்தன.

இப்போது பெட்டியில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக ஸ்கான் செய்கிறேன். ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் 2005 முதல் இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் திட்டத்தாருக்கு, உரியவர்களின் பிள்ளைகளிடம் சம்மதம் பெற்று அவற்றை அனுப்ப உத்தேசம். நீலமை விரிந்த கடிதத்தில் பெயரின் முதல் மூன்று எழுத்துகள் தெரிகின்றன. அந்தத் தோட்டத்தின் பழைய ஆட்கள் யாரேனும் இருந்தால் மீதியைச் சொல்லக்கூடும். வரும் கிழமை போகிறேன்.