டபுள் ஸ்பீடில் பறந்த ஆயிரம் ரூபாய்!

''ஆன்லைன் கோர்ஸ்தானே மச்சி... வீடியோவை ஓட விட்டா சர்டிஃபிகேட் வந்துடும்!''

இப்படி கிளாஸ் முழுக்கச் சொல்லிட்டுத் திரிஞ்சது சாட்சாத் அடியேன்தான். போன ஏப்ரல் வரைக்கும்!

நமக்கு ஊர் விருத்தாசலம். அகல் விளக்கு, பொம்மை, ஃபியூஸ் கேரியர்னு பீங்கான் சாமானுக்குப் பேர் போன ஊர். அப்பாவுக்கு அங்கே செராமிக் யூனிட்ல சூளை வேலை. நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம்.

ஆன்லைன் வகுப்புன்னா எல்லாம் ஒரே ரகம்னு நினைச்சிருந்தேன். 2020 லாக்டவுன்ல ஸ்கூல்ல நடந்தது லைவ் கிளாஸ். கேமராவை ஆஃப் பண்ணிட்டுத் தூங்கினாலும் அட்டெண்டன்ஸ் உண்டு, ஹி... ஹி! அப்புறம், 'உங்க இஷ்டத்துக்குப் படிங்க'ன்னு தேதியே இல்லாத கோர்ஸ். அதுல மூணு சேர்ந்தேன். எதுலயும் ரெண்டாவது பாடத்தைத் தாண்டலை. கெடு இல்லைன்னா நமக்கு ஓடாதுங்க!

காலேஜ்ல சொன்னது என்.பி.டி.இ.எல். ஏழு ஐ.ஐ.டி-களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி-யும் சேர்ந்து 2003-ல ஆரம்பிச்சது. இப்போ 'ஸ்வயம்' தளம் வழியா சேரலாம். 4, 8, 12 வாரம்னு கோர்ஸ்கள். வீடியோ இலவசம், வாராவாரம் அசைன்மென்ட். பரீட்சை மட்டும் சென்டருக்கு நேர்ல போய் எழுதணும், அதுக்குத்தான் ஃபீஸ். பாஸானா எங்க காலேஜ்ல ஒரு எலெக்டிவ் பேப்பர் மிச்சம்!

மெட்டீரியல்ஸ் பத்தின 12 வார கோர்ஸ் எடுத்தேன். ஆயிரம் ரூபாய் ஃபீஸை அப்பாதான் கொடுத்தார். நான் வீடியோவை டபுள் ஸ்பீடுல ஓட்டினேன். அசைன்மென்ட் விடையெல்லாம் சீனியர் குரூப்ல சுடச்சுட வந்துடும். 25-க்கு 24!

பரீட்சையில 75-க்கு 27. கூட்டினா 51 ஆச்சே, பாஸ்தானேன்னு துள்ளினேன். அங்கேதான் ஆப்பு! அசைன்மென்ட்ல 10, பரீட்சையில 30 - ரெண்டையும் தனித்தனியா தாண்டணுமாம். மூணு மார்க்ல சர்டிஃபிகேட் போச்சு. அப்பா திட்டியிருந்தா பரவாயில்லை. ''கட்டின பணம் திரும்ப வருமாடா?''ன்னு மட்டும் கேட்டார்.

ஜூலையில அதே கோர்ஸ் மறுபடி வந்துச்சு. இந்த தடவை ஃபீஸ் என் கைக்காசு. குரூப்ல இருந்து வெளியேறினேன். ஒரு ராத்திரி ஹெட்போன் ரிப்பேர். சத்தமா வீடியோ ஓடுது, பாடம் 'சின்ட்டரிங்'. சாப்பிட்டுட்டு இருந்த அப்பா, ''என்னாடா சொல்றாரு அவரு?''ன்னார். சூடு ஏற ஏறத் துகள்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, நடுவுல இருக்குற இடைவெளி குறையுது, பொருள் சுருங்குதுன்னு தத்துபித்துன்னு விளக்கினேன்.

''அதான் நாங்க அச்சையே கொஞ்சம் பெருசா செய்யறோம். காயறப்ப கொஞ்சம் சுருங்கும், சூளையில மிச்சம் சுருங்கும். அவசரப்பட்டு சூட்டை ஏத்தினா வெடிச்சிடும்.''

ரெண்டு வாரமா மண்டையில ஏறாத விஷயம்ங்க அது! அதுக்கப்புறம் புதன்கிழமை ராத்திரி கெடுவுக்கு முன்னாடி அப்பாகிட்ட ஒரு ரவுண்டு பேசிடுவேன். பல கோர்ஸ்களுக்கு பாடத்தோட எழுத்து வடிவம் தமிழ்லயும் இருக்கு பாஸ், தேடிப் பாருங்க. 12 அசைன்மென்ட்ல சிறந்த எட்டுதான் கணக்கு, அதனால ஒண்ணு ரெண்டு சொதப்பினாலும் பயமில்லை. சொந்தமா போட்டேன், 19 வந்துச்சு.

பரீட்சைக்கு ஜங்ஷன்ல ரயில் பிடிச்சு திருச்சி போனேன். மூணு மணி நேரம். இந்த முறை 48!

சர்டிஃபிகேட்டை மொபைல்ல காட்டினேன். அப்பா ரெண்டு விரலால பெருசாக்கி என் பேரைப் பார்த்தார். அப்புறம் கேட்டார்...

''எல்லாம் சரி, மழைக்காலத்துல சரக்கு காயாம கெடக்குதே... அதுக்கு அந்த வாத்தியார் ஒண்ணும் சொல்லலையா?''