மண் தின்னும் மில்லிவாட்

எடிசன், நியூஜெர்சி

அன்புள்ள கயல்,

கடிதமும் படங்களும் கிடைத்தன. சம்பந்தியின் வால்வு ரேடியோவை நீயே பிரித்து, கெப்பாசிட்டர்களை மாற்றிப் பாட வைத்துவிட்டாய். அதற்குத் தீனி போட ஒரு குட்டி ஏ.எம். ட்ரான்ஸ்மிட்டரும் கட்டியாயிற்று. ஆனால் தோட்டத்துக் கடைசியில் அவருடைய பட்டறைக்குப் பாட்டு போய்ச் சேருவதற்குள் இரைச்சல் மூடிவிடுகிறது, பவரைக் கூட்டலாமா என்று கேட்கிறாய்.

கூட்டாதே. அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யின் பகுதி 15 விதிப்படி ட்ரான்ஸ்மிட்டரின் கடைசி நிலைக்கு உள்ளே போகும் பவர் 100 மில்லிவாட்டைத் தாண்டக் கூடாது. ஏரியல், அதற்குப் போகும் கேபிள், எர்த் கம்பி மூன்றும் சேர்ந்து 3 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. இந்த எல்லைக்குள் நின்றால் லைசென்ஸ் கேட்க மாட்டார்கள். உனக்கு வேண்டிய பவர் ஏற்கெனவே உன்னிடம் இருக்கிறது, அதை மண் தின்றுகொண்டிருக்கிறது.

கணக்கைப் பார். உன் 1650 கிலோஹெர்ட்ஸுக்கு அலைநீளம் சுமார் 182 மீட்டர். ஒழுங்கான கால் அலை ஏரியல் என்றால் 45 மீட்டர் உயரம் வேண்டும். உன்னுடையது 3 மீட்டர். அவ்வளவு குட்டையான ஏரியலின் கதிர்வீச்சுத் தடை ஏறத்தாழ 0.1 ஓம்தான். குட்டை ஏரியலை ட்யூன் செய்யும் லோடிங் காயிலின் தடையை 12 ஓம் என்று வை. ஒற்றை ராடு அடித்த எர்த், உங்கள் வூஸ்டர் பக்கத்துக் கல்மண்ணில் 40 ஓம் என்று வை. மொத்தம் 52. அந்த 52-ல் 0.1 பங்குதான் அலையாக வெளியே போகிறது. 100 மில்லிவாட்டில் 0.2 கூடத் தேறாது. மற்றதெல்லாம் காயிலையும் மண்புழுக்களையும் சூடாக்குகிறது.

எர்த்தை 10 ஓமுக்கு இறக்கிவிட்டால் மொத்தம் 22. வெளியே போகும் பவர் இரண்டு மடங்குக்கும் மேலே ஏறும், சிக்னலின் பலம் ஒன்றரை மடங்காகும். ட்ரான்ஸ்மிட்டரில் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொட வேண்டியதில்லை.

இப்போது நீ செய்திருப்பதற்கு வருகிறேன். மாடி ஜன்னலில் பெட்டி, எர்த்துக்குச் சுவர் ப்ளக்கின் மூன்றாவது துளை. இது இரண்டு வகையில் தப்பு. அந்தப் பச்சைக் கம்பி சுவருக்குள்ளேயே எத்தனையோ மீட்டர் ஓடுகிறது, அதுவும் எர்த் கம்பிதான் என்பதால் 3 மீட்டர் கணக்கு அங்கேயே உடைந்துவிட்டது. பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று கேட்கிறதே, அதுவும் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வருகிறது. பெட்டியை மழை படாத டப்பாவில் வைத்துத் தரைக்கே இறக்கு. பக்கத்திலேயே ஒரு எர்த் ராடு அடி, அதற்குப் போகும் எர்த் கம்பி ஒரு சாண் போதும். மிச்ச நீளம் முழுவதையும் ஏரியலுக்குக் கொடு. வீட்டிலிருந்து வரும் டி.சி. வயரையும் ஆடியோ வயரையும் ஃபெர்ரைட் வளையத்தில் பல சுற்று சுற்றிவிடு. இல்லாவிட்டால் அவையே திருட்டு ஏரியலாகிவிடும்.

அடுத்தது ரேடியல் கம்பிகள், அதாவது ஏரியலைச் சுற்றித் தரையில் பரப்பும் எர்த் கம்பிகள். 1937-ல் ஆர்.சி.ஏ.வின் பிரௌன், லூயிஸ், எப்ஸ்டீன் மூவரும் இவற்றின் பலனை அளந்தே காட்டினார்கள். பெரிய நிலையங்கள் கோபுரத்தைச் சுற்றி 120 செம்புக் கம்பிகளைப் புதைக்கும் வழக்கம் அந்த வேலையிலிருந்து வந்தது. உனக்கு அத்தனை வேண்டாம். ஏரியல் குட்டை என்பதால் மின்புலம் காலடியிலேயே அடர்ந்து கிடக்கிறது, நஷ்டமும் அங்கேதான். ஆகவே கையில் இருக்கிற கம்பியை நாலு நீளத் துண்டாக்காமல் பதினாறோ இருபதோ குட்டைத் துண்டாக்கு. துண்டுக்கு நாலைந்து மீட்டர் இருக்கட்டும். ஏரியலின் அடியிலிருந்து சக்கரத்தின் ஆரம்போலப் பரப்பி, நடுவில் எல்லாவற்றையும் ஒரு செம்புத் தகட்டில் பற்றவைத்துவிடு. உறை போட்ட வயரும் போதும், அரிபடாமல் இன்னும் கொஞ்ச நாள் உழைக்கும். புதைக்கக்கூட வேண்டாம்: வசந்தத்தில் புல் முளைக்கும் முன் தரையோடு தரையாகக் கொக்கி அடித்து விட்டால், ஒரு பருவத்தில் புல்லே மூடிவிடும். விதியில் ரேடியல் என்ற பேச்சே இல்லை. மண்ணோடு படுத்துக் கிடக்கிறவரை அதை நான் எர்த்தாகவே எடுத்துக்கொள்வேன். அதையே கம்பத்தில் தூக்கிக் கட்டினால் கேள்வி வரும்.

குழி வெட்டி உப்புப் போடு என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். புல் கருகும், ராடு அரிக்கும், நாலு மழையில் கரைந்தும் போகும். மண்ணின் குணம் பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. இங்கே கியர்னியின் உப்புச் சதுப்பில் நியூயார்க் ஏ.எம். நிலையங்களின் கோபுரங்கள் நிற்பது சும்மா இல்லை. ஆனால் மாசசூசெட்ஸ் பாறையை நீ மாற்ற முடியாது. குளிரில் தரை உறையும்போது எர்த் இன்னும் மோசமாகும், அப்போது பெட்டியைக் குறை சொல்லாதே.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் காயிலை மறுபடி ட்யூன் செய். எர்த் நன்றாக ஆக ஆக ட்யூனிங் கூர்மையாகும், அலைப்பட்டை ஒடுங்கும், பாட்டின் மேல்ஸ்தாயி கொஞ்சம் மங்கும். வால்வு ரேடியோவில் அது பெரிதாகத் தெரியாது என்பது என் அபிப்பிராயம். அளக்க ரேடியோவை நம்பாதே. உள்ளே சத்தத்தைத் தானாகச் சமன்படுத்தும் ஏ.ஜி.சி. வித்தியாசத்தை மறைத்துவிடும். ஒரு ஜெர்மானியம் டையோடு, ஒரு மைக்ரோ அம்மீட்டர், ஒரு மீட்டர் வயர் போதும். ஏரியலிலிருந்து சில மீட்டர் தள்ளி ஒரே இடத்தில் வைத்து முள்ளைப் பார்.

மறந்துவிடுவேன்: ராடு அடிக்கும் முன் 811-க்குப் போன் செய்து கேஸ் லைன் எங்கே போகிறது என்று குறிக்கச் சொல். புது ராடை 6-ம் நம்பர் செம்புக் கம்பியால் வீட்டின் எர்த்தோடு இணைத்தே ஆக வேண்டும். இடி இறங்கினால் இரண்டு எர்த்துக்கும் நடுவே வோல்டேஜ் வித்தியாசம் வரக் கூடாது. அந்தக் கம்பியையும் ஒரு ஃபெர்ரைட் வழியாக விடு. மின்னல் வரும் நாளில் ஏரியலைக் கழற்றிவிடு.

முதலில் நாலு ரேடியல் போட்டு முள் எங்கே நிற்கிறதென்று எழுது. எட்டு போட்ட பிறகும் எழுது. சம்பந்திக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
சித்தப்பா