சித்தப்பாவின் ஸ்க்ரூடிரைவர்

போன வருஷம் எங்க டிபார்ட்மென்ட் கல்ச்சுரல்ஸுக்கு டிஜே புக் பண்ற வேலை என் தலையில விழுந்துச்சு. லீவுக்கு மில்லர்புரம் வந்திருந்தப்போ வீட்ல பேச்சுவாக்கில் சொன்னேன். சித்தப்பா உடனே, "ஏம்ல, நான் வந்து போடுதேன். காசெல்லாம் வேண்டாம், வண்டி வாடகை மட்டும் குடு" என்றார்.

"அது சரிப்படாது சித்தப்பா. அது டிஜே. நீங்க மைக் செட்" என்றேன்.

அவர் ஒண்ணும் சொல்லாம சிரிச்சிட்டு எழுந்து போயிட்டார். அந்த ஒரு வரியைச் சொன்னதுக்காகத்தான் இந்தக் கட்டுரையே.

சித்தப்பாவுக்கு இருபது வருஷத்துக்கு மேல மைக் செட் தொழில். கல்யாண வீடு, சடங்கு, கோயில் கொடை, கட்சிக் கூட்டம் எல்லாத்துக்கும் கூம்பு ஸ்பீக்கர், பாக்ஸ், சீரியல் லைட் அவரோடதுதான். சின்ன வயசுல லோடு ஆட்டோவில் அந்த பாக்ஸ் மேல உட்கார்ந்து போறது எனக்குப் பெரிய கெத்து. காலேஜ் வந்ததும் அதே விஷயம் எப்படியோ வெளிய சொல்ல முடியாத விஷயமா ஆயிடுச்சு.

கல்ச்சுரல்ஸுக்கு வந்த டிஜே நடுவுல கொஞ்ச நேரம் ஹவுஸ் மியூசிக் போட்டார். பாதிப் பேர் தண்ணி குடிக்கப் போயிட்டாங்க. எனக்கு மட்டும் அந்த 'டும் டும் டும் டும்' மண்டைக்குள்ளயே நின்னுடுச்சு. ஹாஸ்டல்ல தேடித் தேடிக் கேட்க ஆரம்பிச்சேன்.

ஹவுஸ் பிறந்தது அமெரிக்காவின் சிகாகோவில். 1970-களின் கடைசியில் அங்கே 'வேர்ஹவுஸ்' என்கிற கிளப்பில் ஃபிராங்கி நக்கல்ஸ் என்பவர் டிஜே. 'ஹவுஸ்' என்ற பேரே அந்தக் கிளப்பிலிருந்து வந்ததாத்தான் சொல்றாங்க. அவர் செஞ்ச வேலை சிம்பிள்: நல்ல டிஸ்கோ பாட்டை எடுத்து, டேப்பை வெட்டி ஒட்டி, ஆட வசதியான இடத்தை மட்டும் நீளமாக்குவார். ரீமிக்ஸுங்கிறதோட அடிப்படையே அதுதான். 1998-ல் கிராமி விருதில் ரீமிக்ஸ் செய்பவருக்குன்னு தனிப் பிரிவு வந்தப்போ முதல் விருது இவருக்குத்தான். டெக்னோ அதற்குக் கொஞ்சம் தள்ளி டெட்ராய்ட் பக்கம் உருவாச்சு. ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என ஒரே ஸ்கூல்ல படிச்ச மூணு பசங்க வேலை அது.

அப்படியே தேடிட்டுப் போனப்போ வந்து மாட்டினவர்தான் சரண்ஜித் சிங். மும்பைக்காரர். இந்தி சினிமாவில் மத்தவங்க இசைக்கு கிட்டாரும் சிந்தசைசரும் வாசிச்சவர். கல்யாணக் கச்சேரிகளுக்கும் போய் வாசிச்சவர். 1982-ல், ரோலண்ட் கம்பெனியின் டிபி-303, டிஆர்-808, ஜூபிடர்-8 என்ற மூணு மிஷினை வச்சு, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசிச்சு ஒரு ரெக்கார்டு போட்டார். யாரும் கண்டுக்கல.

இதுல அந்த 303 தனிக்கதை. பேஸ் கிட்டாருக்குப் பதிலா வாசிக்கன்னு செஞ்ச சின்ன வெள்ளிப் பெட்டி. கேட்டா கிட்டார் மாதிரியே இருக்காது. விற்காம, சில வருஷத்துலயே தயாரிப்பை நிறுத்திட்டாங்க. பழசா மலிவு விலைக்கு வந்த அந்தப் பெட்டியைத்தான் சிகாகோவில் ஃபியூச்சர் என்ற குழு திருகித் திருகி, 1987-ல் 'ஆசிட் ட்ராக்ஸ்' என்ற சிங்கிளைப் போட்டது. ஆசிட் ஹவுஸ் அங்கிருந்து வளர்ந்துச்சு. அதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே கிட்டத்தட்ட அதே சத்தத்தை சரண்ஜித் சிங் எடுத்துட்டார். அதுக்காக இவர்தான் ஹவுஸைக் கண்டுபிடிச்சார்னு சொன்னா அது வாட்ஸ்அப் ஃபார்வர்டு ஆயிடும். சிகாகோ பசங்க இவரைக் கேட்டு அதைச் செய்யல. ஆனா அந்தப் பெட்டிக்கு ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொண்ணுக்கு வழுக்கிட்டுப் போகத் தெரியும். ராகம் தெரிஞ்சவர் கையில் அது சரியாப் போய் உட்கார்ந்துச்சு.

2010-ல் நெதர்லாந்துக்காரர் ஒருத்தர் அந்த ரெக்கார்டை மறுபடி வெளியிட்ட பிறகுதான் உலகம் அவரைத் தேடி வந்தது. எழுபது வயசுக்கு மேல் ஐரோப்பிய மேடைகளில் வாசிச்சார். 2015-ல் இறந்துட்டார்.

இந்த லீவுக்கு வீட்டுக்குப் போனா, வாசல்ல சித்தப்பாவோட பாக்ஸ் எல்லாம் துடைச்சு வரிசையா நிக்குது. "இப்போ எல்லாவனும் எல்இடி, டிஜேன்னு கேக்கான். விலைக்குக் குடுத்துருவோம்னு பாக்கேன்" என்றார். எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. கடைசியா ஒரு தடவைன்னு போனை ஆம்ப்ளிஃபயரில் மாட்டி, அந்த ரெக்கார்டில் மால்கோன்ஸ் ராகத்தைப் போட்டேன். நம்ம ஹிந்தோளம்தான் அது.

ரெண்டு நிமிஷம் கேட்டார். "மிஷினை நாயனம் மாதிரி இழுத்து வாசிக்கான்ல. தாளம் ஒரு இடத்துல நிக்கல பாரு" என்றார். அப்புறம் அவரே, "கேசட் காலத்துல நானும் நிக்க விட மாட்டேன். பாட்டு நின்னா ஆடுத பயலுவ சண்டைக்கு வந்துருவானுவ" என்றார்.

"எப்படி நிக்காம போடுவீங்க?"

உள்ளே போய் ஒரு பழைய டெக்கை எடுத்துட்டு வந்தார். மூடியே இல்ல. மோட்டார் பின்னாடி சின்ன ஓட்டை. உள்ளே ஒரு திருகு. ரெண்டு டெக் வச்சிருப்பாராம். ஒண்ணுல பாட்டு ஓடுறப்போ, அடுத்ததை ஹெட்போன்ல கேட்டுக்கிட்டே ஸ்க்ரூடிரைவரால் வேகத்தைக் கூட்டிக் குறைச்சு, ரெண்டு தாளமும் ஒண்ணா விழுற இடத்துல மாத்துவாராம். "குரல் லேசா கீச்சுன்னு போவும். ஆடுதவனுக்கு அது எங்க தெரியப் போவுது?"

நான் படிக்கிறது ஈசிஇ. அந்தத் திருகு ஒரு ப்ரீசெட். மோட்டார் வேகத்தை மாத்தும். டிஜேக்கள் கொண்டாடுற டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிளில் வலது ஓரம் ஒரு ஸ்லைடர் இருக்கும். வேகத்தை எட்டு சதவீதம் வரை கூட்டலாம், குறைக்கலாம். ரெண்டும் ஒரே வேலை. அந்த ஸ்லைடரைப் பத்தி ஹாஸ்டல்ல எத்தனை வீடியோ பார்த்திருப்பேன். இந்த டெக் எங்க வீட்டுப் பரண்ல கிடந்திருக்கு.

"சித்தப்பா, அன்னைக்கு நான் சொன்னது தப்பு" என்றேன்.

"எதுல?" என்றார். நிஜமாவே மறந்துட்டாரா, இல்ல என்னை விட்டுக்கொடுக்காம பேசினாரான்னு தெரியல.

பாக்ஸ் எல்லாம் அடுத்த வாரமே போயிடுச்சு. டெக்கை மட்டும் கேட்டு வாங்கிட்டு வந்தேன். பெல்ட் தேய்ஞ்சு போயிருக்கு, மாத்தணும். இப்போ என் ஹாஸ்டல் கட்டிலுக்கு அடியில இருக்கு, ஸ்க்ரூடிரைவரோட. அடுத்த கல்ச்சுரல்ஸுக்கு யாரைக் கூப்பிடலாம்னு கமிட்டி வாட்ஸ்அப் குரூப்ல பேச்சு ஓடிட்டிருக்கு. நான் ஒரு பேரைச் சொல்லியிருக்கேன்.