தோற்றம், மறைவு

கார்த்திகை 12 (நவம்பர் 27, 2024)

விடாத மழை. கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர் நிற்பதற்குள் கீழத்தெருப் பெரியவரின் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸை முடித்து மன்னார்குடிக்கு அனுப்பிவிட்டேன். அங்கே மெஷினில் ஓட்டி ஆறு மணி பஸ்ஸில் போட்டுவிடுவார்கள். பஸ் வந்தால் சரி.

ஆறுக்கு நாலு. பின்னால் மேகம், இரண்டு பக்கமும் ரோஜா, மேலே 'இமயம் சரிந்தது', கீழே வரிசையாகப் பேரப்பிள்ளைகள். மகன் கேட்டது அவ்வளவுதான். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடலுக்குச் சற்று மேலே தலை நீட்டிக்கொண்டிருக்கிற இந்த ஊர்களில் இமயம் எங்கிருந்து வந்ததோ, எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் அதுதான் சரிகிறது.

மறைவுத் தேதியில் சிக்கல் இல்லை. தோற்றத்தில்தான் இழுபறி. ஆதாரில் 01.01.1950. இந்தப் பக்கத்துக் கிழவர் கிழவிகளில் பாதிப்பேர் ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்தான். கார்டு எடுக்க வந்தவர் போட்டுவிட்டுப் போன தேதி அது. பெரியவரோ, 52 புயலில் கூரை பறந்தபோது தான் ஆடு ஓட்டிக்கொண்டிருந்ததாகச் சொல்வார். 1952 நவம்பர் 30-ல் நாகப்பட்டினத்தில் அடித்த புயல். ஆடு ஓட்ட ஏழெட்டு வயதாவது ஆகியிருக்க வேண்டும். ஆக 44 அல்லது 45-ல் பிறந்திருப்பார். எனக்கு இது பழகிப்போன கணக்கு. 'தனுஷ்கோடி புயலுக்குக் கைப்புள்ள' என்றால் 1964. 'பெரிய புயலுக்கு முந்தின வருஷம் கல்யாணம்' என்றால் 1977-லிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும். மகன் ஆதார் தேதியையே போடச் சொன்னார். வாரிசுச் சான்று வாங்கப் போனால் இடிக்குமாம். போட்டேன்.

பெரியவர் என்ன செய்தார் என்பது ஃபிளெக்ஸில் இல்லை. கடைமடையில் தண்ணீர் வந்து சேர்வது ஒரு பாடு, வடிவது பெரும்பாடு. மேட்டூரை இந்த வருஷம் ஜூன் 12-ல் திறக்க முடியாமல் ஜூலை 28-ல் திறந்து, அது இங்கே வந்து, நேரடி விதைப்பு முடிந்து, பயிர் தூர் கட்டுகிற நேரத்தில் இந்த மழை. மழை வலுத்தால் ஆட்கள் அவர் வீட்டுக்குத்தான் ஓடுவார்கள். வடிவாய்க்கால் மதகில் வந்து நின்று ஒரு வைக்கோல் துரும்பைத் தண்ணீரில் போட்டுவிட்டுப் பீடி பற்றவைப்பார். துரும்பு கடல் பக்கம் நகர்ந்தால் பலகையைத் தூக்கச் சொல்வார். நின்ற இடத்திலேயே சுற்றினால், "ஓதம் ஏறுது, மூடு" என்பார். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் தண்ணீரை வாங்காது. அந்த நேரம் பார்த்துப் பலகையைத் தூக்கினால் மழைத்தண்ணீர் வடிவதற்குப் பதில் உப்புத்தண்ணீர் உள்ளே ஏறும். எந்த வரப்பை எந்த இடத்தில் வெட்டினால் அடுத்தவன் வயலைக் கெடுக்காமல் தண்ணீர் இறங்கும் என்பதும் அவருக்குத்தான் தெரியும். ஊரில் பாதிச் சண்டை அந்த வரப்பில்தான் பிறக்கிறது.

வருகிற சனிக்கிழமை அமாவாசை. இன்று பாடை போன வாய்க்கால் கரையில் முழங்கால் தண்ணீர். மதகைத் தாண்டும்போது, பலகை தூக்கியிருக்கா, மூடியிருக்கா என்று முன்னால் போனவர் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை.

கார்த்திகை 21 (டிசம்பர் 6)

நெல் ஜெயராமன் நினைவு நாள். இயற்கை விவசாயப் பிள்ளைகள் ஒரு ஃபிளெக்ஸ் கேட்டார்கள். இதில் வாசகத்துக்குப் பஞ்சமில்லை. கட்டிமேட்டுக்காரர், 174 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டவர், 2006-லிருந்து ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தியவர். இரண்டு கிலோ விதை வாங்கிப் போகிறவர் அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது அவர் வைத்த ஏற்பாடு. 2018-ல் கஜா புயல் அடித்து மூன்று வாரத்தில் போய்ச் சேர்ந்தார். அப்போது எங்களுக்கே கூரை இல்லை, தென்னை இல்லை. நின்று அழக்கூட முடியவில்லை.

டைப் அடிக்கும்போது ஒன்று தோன்றியது. அந்த 174-ம் வானத்திலிருந்து விழவில்லை. எங்கோ ஒரு வீட்டில் யாரோ ஒரு கிழவர், ஊரே ஒட்டுரகத்துக்குப் போன பிறகும், பிடிவாதமாக இரண்டு மா நிலத்தில் காட்டுயானத்தையோ பூங்காரையோ போட்டுக்கொண்டிருந்ததால்தான் கேட்டு வந்தவருக்கு எடுத்துக் கொடுக்க முடிந்தது. ஜெயராமனுக்கு வருஷாவருஷம் ஃபிளெக்ஸ் இருக்கும். இருக்கவும் வேண்டும். கொடுத்தவர்களின் கருமாதி எப்போது நடந்தது?

மார்கழி 3 (டிசம்பர் 18)

காலேஜில் படிக்கிற பெண். அப்பாயி நேற்று இறந்துவிட்டாராம். "நல்ல போட்டோவே இல்லண்ணே." ஆதார் படம்தான் இருந்தது, கண் பாதி மூடி, திடுக்கிட்ட முகம். கல்யாண ஆல்பத்தில் ஒரு ஓரமாக, பாதி மறைந்து. போனைத் தள்ளித் தள்ளி ஒரு வீடியோவைக் காட்டினாள். யாரோ ஸ்டேட்டஸ் வைக்க எடுத்தது.

சேற்றில் பெண்கள் வரிசை. அப்பாயி நடுவில், நிமிரவே இல்லை. இடது கையில் நாற்று முடி. கட்டைவிரல் மூன்று நாலு நாற்றைப் பிரித்துத் தள்ளுகிறது. வலது கை அதை வாங்கி, இரண்டு விரலால் சேற்றில் இறக்கிவிட்டு, முளைத்த இடத்திலேயே முளைத்தது மாதிரி விட்டுவிட்டு வெளியே வருகிறது. காலடி பின்னுக்கு. கண் நாற்றைப் பார்க்கவில்லை. பக்கத்துப் பெண்ணிடம் எதையோ சொல்லிச் சிரிக்கிறது வாய். பேத்தி மறுபடி ஓடவிட்டாள். நானும் பார்த்தேன்.

அந்த அம்மாவை எனக்குத் தெரியும். நடவு செட்டுக்குத் தலைவி. நிலக்காரரிடம் கூலி பேசுவது, வயலைப் பார்த்த மாத்திரத்தில் எத்தனை ஆள், எத்தனை முடி என்று சொல்வது, சாயங்காலம் பணத்தைப் பிரிப்பது எல்லாம் அவர்தான். ஏக்கரும் சென்ட்டும் அவருக்கு ஆகாது. மா கணக்குதான், மூன்று மா ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி. பிள்ளை உண்டானவளை வரப்போரமாக நிறுத்துவார், அங்கே சேறு குறைவு. ஆனால் கூலியில் குறைக்க விடமாட்டார். இதற்காக ஒரு பெரிய வீட்டு வாசலில் உட்கார்ந்து எழுந்திருக்க மறுத்த கதையைச் செட்டுப் பெண்கள் இன்னும் சொல்வார்கள். அப்புறம் நேரடி விதைப்பு கூடியது, நடவு மெஷின் வந்தது, செட்டு கலைந்தது. கடைசிக் காலம் நூறுநாள் வேலையில் போனது.

மத்தியானம் மகன் இறப்புப் பதிவுப் படிவத்தோடு வந்தார். 21 நாளுக்குள் வி.ஏ.ஓ.விடம் கொடுக்க வேண்டும். இறந்தவரின் தொழில் என்று அதில் ஒரு கட்டம்.

"ஒண்ணும் இல்லன்னு போடுங்க. வீட்லதானே இருந்துச்சு."

பேத்திக்குக் கோபம். "அப்பா, விவசாயக் கூலின்னு போடச் சொல்லுங்க."

மகனுக்குக் கூலி பிடிக்கவில்லை. பேத்திக்கு 'ஒண்ணும் இல்ல' பிடிக்கவில்லை. 'விவசாயி' என்று எழுதினேன். இரண்டு பேரும் பேசாமல் இருந்தார்கள். கைக்கு வரப்போகிற சான்றிதழில் தொழிலுக்கு இடமே கிடையாது, அது வேறு விஷயம்.

இந்த செப்டம்பர் 27-ல் மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டி பாப்பம்மாள் இறந்தார். நூறு வயதைத் தாண்டியும் இரண்டரை ஏக்கரில் இறங்கி வேலை பார்த்தவர், 2021-ல் பத்மஸ்ரீ. பேப்பர்களில் அவரை விவசாயி என்றுதான் எழுதினார்கள். ஒரு பெண்ணை அப்படி அச்சடிப்பதற்குப் பத்மஸ்ரீ வரை போக வேண்டியிருக்கிறது.

ஃபிளெக்ஸுக்கு வீடியோவிலிருந்து ஒரு படம் எடுக்கலாம் என்றாள் பேத்தி. சேறும் குனிந்த முதுகுமாகத் தெருமுனையில் வைப்பதா என்று வீட்டுப் பெரியவர்கள் மறுத்துவிட்டார்கள். ஆதார் முகத்தை வெட்டி, கம்ப்யூட்டரில் இருக்கிற பட்டுப்புடவை உடம்பில் ஒட்டினேன். கழுத்தில் இரண்டு வடம் சங்கிலி. பேத்திக்கு மட்டும் அந்த நடவுப் படத்தைச் சின்னதாக லேமினேட் செய்து கொடுத்தேன். காசு வாங்கவில்லை.

மார்கழி 10 (டிசம்பர் 25)

வேன்கள் கொடி கட்டிக்கொண்டு கீழ்வெண்மணிக்குப் போகின்றன. 1968-ல் இதே நாள் இரவு, கூலி நெல் கொஞ்சம் கூட்டிக் கேட்ட போராட்டத்தின் முடிவில், ராமையாவின் குடிசைக்குள் 44 பேரை வைத்து எரித்தார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். வயல் வேலைக்காரர்களைப் பெயர் சொல்லி வருஷந்தோறும் நினைக்கிற இடம் இந்தச் சுற்றுவட்டாரத்தில் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். பாயில் படுத்து, வயதாகிச் செத்தவர்களுக்கு அப்படி எதுவும் கிடையாது. அப்படிச் சாக முடிந்ததே பெரிய விஷயம் என்று அந்தக் காலத்து ஆட்கள் சொல்வார்கள்.

மார்கழி 15 (டிசம்பர் 30)

இயற்கை விவசாய நம்மாழ்வாரின் நினைவு நாள். 2013-ல் மீத்தேன் திட்டத்துக்கு எதிராக ஊர் ஊராகப் போனவர் பட்டுக்கோட்டை பக்கம் அத்திவெட்டியில் இறந்தார். டிசைன் தயாராக இருக்கிறது. தேதியை மாற்றினால் போதும்.

மார்கழி 24 (ஜனவரி 8, 2025)

கீழத்தெருப் பெரியவர் மகன் ஜெராக்ஸ் எடுக்க வந்தார். வெள்ள நிவாரணத்துக்கு அடங்கல் கேட்கிறார்களாம். அடங்கலில் இருப்பது நிலக்காரர் பெயர். அவர் சென்னையில் இருக்கிறார். பெரியவர் முப்பது வருஷத்துக்கு மேல் அந்த ஐந்து மாவைச் சாகுபடி செய்தது வாய்மொழிக் குத்தகையில். நெல்லாக அளந்தார், பிறகு பணமாகக் கொடுத்தார். ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. குத்தகைதாரரை வெளியேற்றக் கூடாது என்று 1955-லேயே சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்துக்குப் பயந்துதான் யாரும் எழுதிக் கொடுப்பதில்லை என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காப்பீடு, நிவாரணம், மத்திய அரசு தரும் வருஷம் ஆறாயிரம் எல்லாம் பட்டாவைப் பார்த்துத்தான் வரும். ஊர் வயலையெல்லாம் காப்பாற்றியவர் சர்க்கார் ஏட்டில் ஒரு குழி நிலத்துக்கும் உழவர் இல்லை.

தை 4 (ஜனவரி 17)

பொங்கல் முடிந்து கடை திறந்த முதல் ஆர்டரே சாவு. நாலு அண்ணன் தம்பி. அப்பா பெயருக்கு முன்னால் 'நிலக்கிழார்' போட வேண்டும் என்று மூத்தவர். மொத்தம் நாலு மா, அதுவும் நாலாகப் பிரியப்போகிறது. போடாவிட்டால் சம்பந்தி வீட்டில் மதிக்க மாட்டார்களாம். போட்டேன். கடைசித் தம்பி மட்டும் போகும்போது, "அப்பா டிராக்டர்ல டிரைவரா இருந்தாருண்ணே, அவர் உழுத வயல்ல தண்ணி நின்னா கண்ணாடி மாதிரி மட்டமா நிக்கும்" என்றார். இதை முதலிலேயே சொல்ல என்ன?

தை 28 (பிப்ரவரி 10)

பெரியவர் விதைத்த பொன்மணி அறுவடையாகிவிட்டது. தண்ணீரில் நின்ற பயிர், தாள் அழுகி மகசூல் பாதிதான். நெல் ஒரு வாரம் கொள்முதல் நிலைய வாசலில் கிடந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். ரோட்டில் கொட்டிக் காயவைப்பதும், பனிக்கு மூடுவதும். மூடியிருந்தவற்றில் பாதி நான் அடித்த ஃபிளெக்ஸ்தான். மஞ்சள் நீராட்டு, கட்சி மாநாடு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் குப்புறக் கிடந்தன. ஒருவழியாக நேற்று எடை போட்டார்கள். பொது ரகம் குவிண்டால் 2,405 ரூபாய். நிலக்காரரின் பட்டாவில், நிலக்காரரின் வங்கிக் கணக்கில் பணம் ஏறும். குத்தகையைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை அவர் ஜிபேயில் அனுப்புவார். நல்ல மனுஷர்தான், அனுப்பிவிடுவார். மகன் அடுத்த வருஷம் சாகுபடி செய்வதாக இல்லை. கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போகப்போகிறாராம்.

சாயங்காலம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிற ஒருத்தர், அம்மாவுக்கு அஞ்சலி அடிக்க வந்தார். இப்போதெல்லாம் சைஸைக் கேட்பதற்கு முன்னால், "அவங்க என்ன வேலையில கெட்டிக்காரங்க?" என்று கேட்கிறேன். சிலருக்கு எரிச்சல் வருகிறது. இவர் யோசித்தார். "தெரியலண்ணே. நான் பதினாறு வயசுல கிளம்பிட்டேன். வயலுக்குப் போவாங்க, வருவாங்க." பிறகு பெரியம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

அந்த அம்மாள் நிறுத்தவில்லை. விதைநெல் இவர் அம்மா காயவைத்தால்தான் முளைக்கும் என்று நாலு தெருக்காரர்கள் கொண்டுவந்து கொடுப்பார்களாம். ஒரு நெல்லை முன்பல்லில் வைத்துக் கடிப்பாளாம். நசுங்கினால் மறுபடி வெயில், 'டக்'கென்று ஒடிந்தால் விதைக்கோட்டை கட்டலாம். மாடு கன்று போட முடியாமல் கிடந்தால் கையில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு உட்காருவாளாம். பண்ணையில் ஒரு தரம் கன்றின் கால் மடங்கிக் கிடக்க, மருந்துக்காரர் கைவிட்டுப் போன பிறகு, விடிய விடிய இருந்து இழுத்துப் போட்டாளாம். அந்தக் கன்றின் வாரிசு இன்னும் யார் வீட்டில் கறக்கிறது என்பது வரை வந்துவிட்டது பேச்சு. மகன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"இதெல்லாம் எழுத முடியுமாண்ணே?"

"ஆறுக்கு நாலுல கொள்ளாது. பேரப்பிள்ளைங்க படத்தை எடுத்துட்டா இடம் கிடைக்கும்."

"எதுக்கு எடுக்கணும்?" என்றது ஸ்பீக்கர். "எம் பேரனும் அதுல இருக்கான். எட்டுக்குப் பத்தா போடச் சொல்லுடா, நான் பாதி காசு தர்றேன். இன்னொண்ணு விட்டுப்போச்சு, கேளு…"